எங்கள் வீட்டுப் பெரியவர்களின் யுத்தக் கதைகளை இப்போதே பதிந்து வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பத்திரிகை கைக்கு வந்ததும் நான் முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். எழுபதைத் தாண்டிய பலருக்கும் இது பழக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு அறிவித்தல் பார்த்தேன். அச்சுவேலியைப் பிறப்பிடமாகவும், சாவகச்சேரி, புதுக்குடியிருப்பு, வவுனியா ஆகிய இடங்களை முன்னாள் வதிவிடங்களாகவும், வெள்ளவத்தையைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட ஒரு தாயார் காலமாகியிருந்தார். கீழே கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கிரியை நேரம், மயானம் என்று எல்லாம் முறையாக இருந்தது.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவர் உத்தியோக மாற்றம் கிடைத்துச் சாவகச்சேரிக்குப் போனவர் அல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவரும் அந்தச் சனத்தோடு நடந்தவர். புதுக்குடியிருப்பில் அவருக்கு இருந்தது ஒரு தறப்பாள் கொட்டில். வவுனியா என்று போட்டிருந்தது 2009இல் முட்கம்பிக்குள் இருந்த முகாம். செத்தவீட்டில் அவருடைய மகளோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அந்த இரவு வீட்டைப் பூட்டிவிட்டு எதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார், யாரோடு நடந்தார், எங்கே படுத்தார் என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. "அம்மா அதுகளைப் பற்றி எங்களோட கதைக்கிறேல்ல அன்ரி" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யுத்தத்தைக் கண்டவர்களின் கதைகளை அவர்கள் வாயாலேயே, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே, நாங்கள் பதிந்து வைக்க வேண்டும். வடக்கில் இருந்தவர்கள், கிழக்கில் இருந்தவர்கள், கொழும்பில் இருந்தவர்கள், ஆயுதம் தூக்கியவர்கள், தூக்காதவர்கள் எல்லோருடைய கதையையும். இந்த வேலைக்கு உங்கள் பத்திரிகை முன்னால் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் எங்கள் கடை. 1990களில் என் கணவரும் நானும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் கொமியூனிகேஷன், அதாவது காசு கொடுத்துத் தொலைபேசியில் கதைக்கும் கடை, வைத்திருந்தோம். பலகையும் கண்ணாடியும் போட்டு அடைத்த இரண்டு சிறிய அறைகள், ஒவ்வொன்றுக்கு மேலும் சிவப்பு எண்கள் ஓடும் மீற்றர், வெளியே ஒரு நீட்டு வாங்கு, ஒரு பானைத் தண்ணீர். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு ஒரு வார்த்தை கதைப்பதென்றால் கிளாலிக் கடலைத் தாண்டி, வன்னியைக் கடந்து, வவுனியாவில் பாஸ் என்ற பயண அனுமதி எடுத்து, கொழும்பு வந்து ஒரு லொட்ஜில் அறை போட்டு, பொலிஸ் பதிவு செய்து, அதன் பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் கடைக்கு வரவேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் கடைப் பையன் லொட்ஜுக்கு ஓடிப்போய், "அம்மா, கோல் வந்திருக்கு" என்று கூட்டி வருவான்.

ஒட்டுக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் லைன் சரியில்லாத காலம். எல்லோரும் கத்தித்தான் கதைப்பார்கள். தலைக்கு மேல் மீற்றர் ஓடுகிறது, ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் சொல்ல முடியாத விஷயத்தையும் இரண்டு வரியில் சொல்லி முடிப்பார்கள். "தம்பி போயிட்டான். அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல. நீ அழாத, காசு ஓடுது." இப்படி ஒரு அக்கா சொன்னது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. வெளியே வந்து பில்லுக்குக் காசு தந்துவிட்டு வாங்கில் இருந்து தண்ணீர் குடிப்பார்கள். பிறகு எழுந்து போய்விடுவார்கள். நான் நினைக்கிறேன், அந்த நாலு நிமிடத்தில் போனில் சொன்னதுதான் பலர் தங்கள் வாழ்நாளில் சொன்ன முழுக் கதையும். அதற்குப் பிறகு யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இப்படி ஒரு யுத்தத்தின் கதை கைவிட்டுப் போனது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடோஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அங்கொட மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அதே நாள் கடலில் கோர்ன்வால், டோர்செற்ஷயர் என்ற இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது. கப்பல்களின் கணக்கும் மாலுமிகளின் கணக்கும் பிரித்தானியர் எழுதி வைத்ததால் இன்றைக்கும் இருக்கிறது.

என் அப்பா அப்போது துறைமுகத்தில் இளம் கிளார்க். அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம், முதல் சத்தம் கேட்டபோது எல்லோரும் பயிற்சி என்று நினைத்தார்கள் என்பதும், அடுத்தடுத்த நாட்களில் ஊருக்குப் போகும் சனத்தால் கோட்டை ரயில் நிலையம் நிறைந்து வழிந்தது என்பதும்தான். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அரிசி வராமல் போய், கூப்பனுக்கு அரிசி வாங்கிய கதையை அம்மா கொஞ்சம் சொல்லியிருக்கிறார். புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், குண்டு விழுந்த தெருக்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் இவர்களின் கதை எங்கே? இன்றைய விஹாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் போர் நினைவுத்தூண் முன்பு காலிமுகத்திடலில் இருந்தது. ஜப்பானியருக்கு அது அடையாளமாகிவிடக் கூடாது என்றுதான் யுத்த காலத்தில் அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தூணைக் காப்பாற்ற யோசித்தவர்கள் இருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் நடந்து போன மனிதர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒருவரும் இல்லை. அன்றைக்கு இருபது வயதாக இருந்த ஒருவர் இன்று நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அந்தக் கதவு மூடிவிட்டது.

1983 ஜூலைக் கலவரத்தின்போது நாற்பது வயதாக இருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். பொரளையில் ஆரம்பித்த நெருப்பு எந்தத் தெருவால் வந்தது என்று கண்ணால் கண்டவர்கள், இரத்மலானையில் விமானக் கொட்டகைக்குள் நாட்கணக்காக இருந்தவர்கள், லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கியவர்கள் இன்னும் எங்கள் மாடிக்கட்டடங்களில் இருக்கிறார்கள். கப்பலில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள், எங்கே படுத்தார்கள், கரையில் யார் நின்றார்கள் என்று கேட்டால் சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

கேட்பது எப்படி என்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். சில காலமாக நான் எங்கள் கட்டடத்தில் உள்ள முதியவர்களிடம் கைத்தொலைபேசியில் பதிந்து வருகிறேன். "யுத்தத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "என்னத்தைச் சொல்ல, எல்லாருக்கும் வந்ததுதான் எங்களுக்கும்." மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு அக்கா இப்படித்தான் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். அவர் திரும்பி வந்ததும், "கிளாலியால வரேக்க கையில என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, கூறைச்சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். போகிற இடத்தில் அது இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று. படகில் சனம் நிறைய, ஒரு இயந்திரப் படகின் பின்னால் மற்றப் படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகிறார்கள், விளக்கு ஒன்றும் இல்லை. நேவி வருகிறது என்று யாரோ சொன்னதும் பாரத்தைக் குறைக்கச் சொல்லி ஓட்டி சத்தம் போடுகிறான். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் தன்னுடைய ட்ரங்குப் பெட்டியைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, "பிள்ளை, நீ மெஷினை விடாத" என்றாராம். அந்தக் கிழவர் யார், எந்த ஊர் என்று அக்காவுக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது அவர் கை மடியில் இரண்டு பக்கமும் எதையோ பிடித்திருப்பது போலவே இருந்தது. சேலையில் எண்ணெய்க் கறை பட்டது, பிறகு எவ்வளவு தோய்த்தும் போகவில்லை என்றார். அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தும் காட்டினார். அவருடைய மகன் பக்கத்து அறையிலிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல். அவனும் அந்தப் படகில் இருந்தவன்தான். அவனுக்கு மெஷின் தெரியும், கிழவரைத் தெரியாது.

ஆகவே பொருளைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள், வெளிச்சத்தைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டு விளக்கு எரித்தது எப்படி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டது எப்படி, பங்கருக்கு மேல் பனங்குற்றி அடுக்கியது யார், பாம்பு வந்ததா, மழைத் தண்ணீர் நின்றதா. பற்றரியும் மெழுகுதிரியும் தடை செய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில் பிள்ளைகள் எப்படிப் படித்துச் சோதனை எழுதினார்கள். இவற்றைக் கேட்டால் பெரியவை தானாக வரும். வராவிட்டாலும் பரவாயில்லை. "அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் உண்மையாகப் பதில் சொன்னதை நான் கண்டதில்லை. இடையில் பேச்சு நின்றால் நீங்களும் பேசாமல் இருங்கள். சிலருக்கு அடுத்த வசனம் வர நேரம் எடுக்கும்.

கொழும்பில் இருந்த தமிழரின் கதை ஒன்று தனியாக இருக்கிறது, அதை யாரும் யுத்தக் கதை என்றே நினைப்பதில்லை. புருஷனும் மனைவியும் ஒரே பஸ்ஸில் ஏறாமல் வெவ்வேறு பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள், ஒன்றில் குண்டு வெடித்தால் பிள்ளைகளுக்கு ஒருவராவது மிஞ்சட்டும் என்று. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக்கு முன்னால் லொறி வெடித்து 91 பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 24ஆம் திகதி தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்து 64 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம். அந்தக் குடும்பங்களின் கதை தமிழில் எங்கே இருக்கிறது? அதேபோல, ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் இரவில் கதவு தட்டப்பட்டு வரிசையில் நின்ற லொட்ஜ்க்காரரின் கதை சிங்களத்தில் எங்கே இருக்கிறது? 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. வைத்தியத்துக்கு வந்தவர்கள், விசாவுக்கு வந்தவர்கள், எங்கள் வாங்கில் இருந்து அழைப்புக்குக் காத்திருந்தவர்கள் அதில் இருந்தார்கள். உடுத்த உடுப்போடு போனவர்கள். அவர்களை இப்போது தேடிப்பிடிப்பது கஷ்டம், ஆனால் முடியாத காரியம் அல்ல.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் கதையை விட்டுவிட்டு எங்கள் கதையை மட்டும் சேர்த்தால் அது நேர்மையில்லை என்பது என் உறுதியான எண்ணம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே திகதியில்தான் எங்கள் சனம் நடந்தது. புத்தளத்திலும் கொழும்பிலும் இருக்கும் அந்தக் குடும்பங்களிடம் கேளுங்கள். அவர்கள் யாழ்ப்பாணத் தமிழில், ஒவ்வொரு ஒழுங்கையும் பேர் சொல்லித்தான் சொல்வார்கள்.

இனி, சிப்பாய்களின் கதை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தின் இரவுக் காவலாளி முன்னாள் இராணுவ வீரர், குருநாகல் பக்கம். கொழும்பில் எத்தனையோ மாடிக்கட்டடங்களின் வாசலில் இருப்பவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு, வாகனங்கள் எல்லாம் உள்ளே வந்த பிறகு, கேற் பக்கத்தில் கதிரை போட்டு அவருடன் கதைத்தேன். சின்ன ரேடியோவை நிற்பாட்டிவிட்டு, வருகைப் புத்தகத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்தபோது அவர் அங்கே இருந்திருக்கிறார். இயக்கச்சிக் கிணறுகள் கைவிட்டுப் போனதோடு முகாமில் தண்ணீர் இல்லை. வெளியே நடந்து வரும்போது முதுகுப் பையில் இருந்த ஒவ்வொன்றாக எறிந்துவிட்டார், தண்ணீர்ப் போத்தலை மட்டும் எறியவில்லை. அதில் ஒரு சொட்டும் இல்லை. "ஏன் வைத்திருந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது அக்கே" என்று சிங்களத்தில் சொன்னார். கூட நடந்த ஒருவர் வெயிலில் இருந்தபடியே எழும்பவில்லை. அந்தப் பையனின் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று பல வருடமாக நினைத்திருக்கிறார், போகவில்லை. அவருடைய மனைவிக்கு அவர் நோயாளியாக வீட்டுக்கு வந்தது மட்டுந்தான் தெரியும். பதிவு செய்யச் சம்மதித்தார், பேர் போடக்கூடாது என்றார். போடவில்லை.

அவர் கதையைக் கேட்டதால் புதுக்குடியிருப்பில் தறப்பாளுக்குள் இருந்த அம்மாவின் கதை எனக்குக் குறைந்து போகவில்லை. யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று தீர்ப்புச் சொல்லும் வேலை வேறு, அது நடக்கத்தான் வேண்டும். அதற்காகச் சாட்சி சொல்லக் கூடியவர்களை எல்லாம் பேசாமல் சாகவிட முடியாது. இராகமையில் அங்கவீனமான படையினர் இருக்கும் ரணவிரு செவணவிலும் கதைகள் இருக்கின்றன. புனர்வாழ்வு பெற்று வந்து இப்போது முச்சக்கரவண்டி ஓட்டும் முன்னாள் போராளிகளிடமும் இருக்கின்றன. அவர்கள் யாரையும்விட அதிகம் பயப்படுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது.

பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி, ஒரே திகதியையும் ஒரே இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப் போயிருக்கிறார்கள். 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிலும் சொன்னார்கள், அதன் பிறகு வந்த எல்லாவற்றிலும் சொன்னார்கள். அவர்களிடம் இன்னொரு முறை அதையே கேட்பது கொடுமை. ஆனால் எந்த ஆணைக்குழுவும் அந்தப் பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், என்ன குழப்படி செய்வான், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன் என்று கேட்டதாக ஒரு தாயும் எனக்குச் சொல்லவில்லை. அதைக் கேட்டால் அவர்கள் நேரம் போவது தெரியாமல் கதைக்கிறார்கள். வடக்கிலும் தெற்கிலும் தாய்மார்களின் கதைகளைக் கடிதமாகவும் கையால் வரைந்த படமாகவும் சேர்த்த 'ஹேர்ஸ்டோரீஸ்' என்ற முயற்சி யுத்தம் முடிந்து சில வருடங்களில் நடந்தது. நல்ல வேலை. அதைப் போல நூறு வேண்டும்.

பதிவதைவிடக் கவனமாகச் செய்யவேண்டியது, பதிந்ததைக் காப்பாற்றுவது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அவற்றில் சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது. இதைக் கண்ட சமூகம் ஒரு பதிவை ஒரே போனில் வைத்திருக்கலாமா? பதிந்த அன்றைக்கே கணினியில் ஒன்று, வெளியே எடுத்து வைக்கும் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள ஒரு உறவினரிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடாதீர்கள். ஒரு தடவை போட்டால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பதியும்போது தொடக்கத்திலேயே திகதி, இடம், சொல்பவரின் பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள். காலி வீதிப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியை நிற்பாட்டுங்கள். வியர்க்கும், ஆனாலும் நிற்பாட்டுங்கள். விசிறிச் சத்தத்தில் முதியவர்களின் குரல் அமுங்கிவிடும்.

எங்கள் வீடுகளில் இன்னொரு புதையல் கிடக்கிறது. தபால் சீராக ஓடாத காலத்தில் கசற்றில் பேசி, கொழும்புக்கு வருபவர் கையில் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அங்கிருந்தும் கசற் வரும். அப்பு, ஆச்சி, ஆட்டுக்குட்டி, கோயில் மணி, தூரத்து ஷெல் சத்தம் எல்லாம் அதில் இருக்கும். அந்த நாடாக்கள் இப்போது பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து தந்த திறந்த கடிதங்கள், பாஸ் துண்டுகள், நிவாரண அட்டைகள், பொலிஸ் பதிவுப் படிவங்கள் ஆகியவற்றையும் வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது, ஒலி ஒளி ஆவணங்களையும் சேர்க்கிறது. பகிரக்கூடியவற்றை அவர்களிடம் கொடுக்கலாம்.

பகிரக்கூடாதவை என்று ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளிடம் அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி ஒரு காலம் கதைகளைப் பதிந்தது. சொன்னவர் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் பதிந்தார்கள். 2011இல் பொலிஸ் விசாரணைக்காக அந்த ஒலிப்பதிவுகள் சட்டப்படி கேட்கப்பட்டன, கடைசியில் சிலவற்றைக் கொடுக்கவேண்டி வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை வருடம் உள்ளே இருந்தவர்களை நாங்கள் அறிவோம். ஆகவே முன்னாள் போராளியானாலும் சிப்பாயானாலும், எங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துக் கதை வாங்கக்கூடாது. பேரையும் ஊரையும் முதலிலேயே பதியாமல் விடுங்கள். சொன்னவர் மறுநாள் வந்து அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழியுங்கள். கதை அவருடையது.

ஆசிரியரே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஒருவர் பேசியது பேசியபடியே வரட்டும். இலக்கணம் திருத்தி அழகாக்க வேண்டாம், அவரவர் பேச்சு அவரவருக்கே உரியது. பிரித்தானியாவில் 2003 முதல் 2006 வரை பிபிசி இரண்டாம் உலக யுத்த நினைவுகளைப் பொதுமக்களிடம் கேட்டபோது சுமார் 47,000 கதைகள் சேர்ந்தன. கணினி தெரியாத முதியவர்களுக்கு நூலகங்களில் இளம் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து எழுதிக்கொடுத்தார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய நிறுவனம் வேண்டாம். வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அந்தக் குண்டு விழுந்த 1942ஆம் ஆண்டிலேயே தொடங்கிய சங்கம். நூலகமும் இருக்கிறது, மண்டபமும் இருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்திரிகையும் சங்கமும் சேர்ந்து அழைத்தால் வராமல் விடமாட்டார்கள். பிறகு உங்கள் பழைய பத்திரிகைக் கட்டுகள். 1983, 1990, 1995 மரண அறிவித்தல்களையும் 'காணவில்லை' விளம்பரங்களையும் ஸ்கான் செய்து பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டால், சொல்பவருக்குத் திகதி மறந்த இடத்தில் அது கைகொடுக்கும். அந்த மூன்றாம் மாடி அக்காவும் கிளாலியைத் தாண்டிய மாதத்தை அப்படித்தான் கண்டுபிடித்தார், பெட்டிக்குள் விரித்திருந்த ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் பார்த்து.

எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழ்த்தள அறை ஞாயிறு காலைகளில் சும்மாதான் இருக்கிறது. முகாமைக் குழு அதைத் தரச் சம்மதித்துவிட்டது. மேசையும் கதிரைகளும் இருக்கின்றன, கசற்றிலிருந்து கணினிக்கு மாற்றும் கருவி ஒன்றைத் தெரிந்த தம்பி ஒருவர் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்டதை எழுத்தில் இறக்கப் பொறுமையுள்ள பிள்ளைகள் வேண்டும். சிங்களம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் முக்கியமாக வேண்டும், காவலாளியின் பதிவு இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் பத்திரிகை அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் நீங்கள் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கொமியூனிகேஷன் உரிமையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.